பாலக்கோட்டு மண்டிப் பலகையும் ஏழு வகை பிராசசரும்

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் போன வருடம் ஒரு வேலை சொன்னார். அன்றைய காய்கறி விலையை மண்டி வாசலில் டிவியில் காட்ட வேண்டும். கரும்பலகையில் எழுதினால் சாரலில் அழிந்துவிடுகிறது, விலை மாறும்போதெல்லாம் ஒரு ஆள் எழுந்து போக வேண்டியிருக்கிறது. என் சர்வீஸ் கடையில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று சும்மா கிடந்தது. கடைக் கம்ப்யூட்டரில் சி மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். விலைகள் இருக்கும் கோப்பை முழுதும் படித்துவிட்டு, பெரிய எழுத்தில் திரையில் போடும். கடையில் நன்றாக ஓடியது. அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய் அந்த போர்டில் இயக்கினால், ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது.

அது நான் எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். மூல நிரலை, அதாவது நான் எழுதிய வரிகளை, அந்த போர்டிலேயே வைத்து மறுபடி கம்பைல் செய்தேன்; அந்த மெஷினுக்குப் புரியும் எண்களாக மாற்றுவதுதான் கம்பைல். பிழை எதுவும் வரவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு போன். “தம்பி, உன் பெட்டி சும்மாவே நிக்குது. டிவியில ஒண்ணும் வரல. வண்டியெல்லாம் வந்துடுச்சு, எல்லாரும் என்னைக் கேக்கறாங்க.”

கடையில் ஓடிய அதே நிரல் மண்டியில் நின்றுவிட்டது. பல வகை பிராசசர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைப் பேக்கேஜாக, அதாவது நிறுவத் தயாரான பொட்டலமாக, தருவதில் உள்ள மொத்தப் பாடும் இந்த இரண்டு தடங்கலுக்குள் அடங்கிவிடும். அந்த மெஷினுக்கென்று கம்பைல் செய்து கொடுக்க வேண்டும். அப்புறம், கம்பைல் ஆனது அங்கே சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் மட்டும் இரண்டும் தானாக நடந்துவிடாது. யாராவது அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்து செய்தாக வேண்டும்.

ஓசூர் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரே கடைக்காரர் ஒரே விலையை ஒருவருக்குத் தமிழில், அடுத்தவருக்குத் தெலுங்கில், இன்னொருவருக்குக் கன்னடத்தில் சொல்வார். அவர் மனதில் இருக்கும் விலைதான் மூல நிரல் என்றால், வாங்குபவர் காதில் விழும் சொல்தான் கம்பைல் செய்து கிடைக்கும் பைனரி. பிராசசர்களுக்கும் இப்படி மொழிகள் உண்டு. இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் பேசுவது எக்ஸ்86. நம் கையில் இருக்கும் போன், ராஸ்பெரி பை, 2020 கடைசியிலிருந்து வரத் தொடங்கிய ஆப்பிள் மேக்குகள் எல்லாம் ஆர்ம். ஐபிஎம்மின் பெரிய சர்வர்களில் பவர், அவர்களுடைய மெயின்ஃபிரேமில் எஸ்390எக்ஸ். புதிதாக வந்திருப்பது ரிஸ்க்-வி. கூட்டு, கழி, நினைவகத்திலிருந்து எடு என்று எல்லாமே ஒரே மாதிரி ஆணைகள்தான், ஆனால் அவற்றை எண்ணாக எழுதும் முறை ஒவ்வொன்றிலும் வேறு. எந்த வகைக்காகக் கட்டப்பட்டது என்பது பைனரிக் கோப்பின் தலைப்பிலேயே எழுதியிருக்கும். என் போர்டின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, அதைப் பார்த்தவுடனே கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது.

என் கடைக்கு வரும் லினக்ஸ் மெஷின்கள் பெரும்பாலும் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் வழியில் வந்தவை: உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ். ஆகவே டெபியனை வைத்தே சொல்கிறேன். அங்கே ஒரு பேக்கேஜைப் பராமரிப்பவர் மூல நிரலை ஒருமுறைதான் ஏற்றுகிறார். கூடவே ‘கண்ட்ரோல்’ என்று ஒரு சின்னக் கோப்பு போகும். அதில் ஆர்க்கிடெக்சர் என்ற வரியில் ‘ஆல்’ என்று இருந்தால் ஒரே பொட்டலம் எல்லா மெஷினுக்கும் போதும். ‘எனி’ என்று இருந்தால் ஒவ்வொரு பிராசசர் வகைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். லோஹித் தமிழ் எழுத்துரு ‘ஆல்’. எழுத்தின் வடிவங்கள் வெறும் தரவு, பிராசசர் எதுவானாலும் அவை மாறுவதில்லை. ஆனால் அந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு ‘கொ’ என்பதில் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியான இடத்தில் போடுகிற ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் துணை நிரல் தொகுப்பு) ‘எனி’. அது சி++ நிரல், ஒவ்வொரு பிராசசருக்கும் தனியாகக் கம்பைல் ஆக வேண்டும். எழுத்துரு வந்து சேர்ந்தாலும் இந்த நூலகம் வந்து சேராவிட்டால் மண்டி டிவியில் ‘கொத்தமல்லி’ உடைந்துதான் தெரியும். தமிழ் திரையில் ஒழுங்காக வருவதற்கும் பிராசசர் வகைக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருக்கும் என்று இந்த வேலையில் இறங்கும்வரை நான் யோசித்ததில்லை.

மூல நிரல் ஏறியதும் ‘பில்ட்-டி’ என்று அழைக்கப்படும் தானியங்கிக் கட்டுமான மெஷின்கள் அதை எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் தனி மெஷின்கள், ஒவ்வொன்றிலும் சுத்தமான சூழலில் கம்பைல் நடக்கும். பேக்கேஜோடு வரும் சோதனைகளும் பெரும்பாலும் அங்கேயே ஓடும். அதிகாரபூர்வ வகைகளில் ஒன்றில், முன்பு கட்டப்பட்டு வந்த பேக்கேஜ் இப்போது கட்டப்படாமல் போனால் புதிய பதிப்பு அடுத்த கட்டத்துக்கு நகராது. இந்த விதிதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன். எஸ்390எக்ஸை வாழ்நாளில் கண்ணால் பார்க்காத ஒருவரும் அதில் தன் பேக்கேஜ் ஏன் உடைந்தது என்று கவனித்தே ஆக வேண்டும். 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-ல் 69,830 பேக்கேஜ்கள். அதிகாரபூர்வமாக ஏழு வகைகள்: 64 பிட் எக்ஸ்86, ஆர்மில் மூன்று, பவர், எஸ்390எக்ஸ், முதல்முறையாக ரிஸ்க்-வி.

ஒவ்வொரு வகைக்கும் பின்னால் ‘போர்ட்டர்’ என்று சில பேர் இருக்கிறார்கள். கம்பைலரில் வரும் கோளாறு, கெர்னலில் வரும் கோளாறு, ஒரு வகையில் மட்டும் தோற்கும் சோதனை எல்லாம் அவர்கள் மேசைக்கு வரும். பல பேர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். ஒரு வகை அதிகாரபூர்வப் பட்டியலில் நீடிக்குமா என்று முடிவு செய்யும்போது, எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு, அதற்குப் பொறுப்பேற்கப் போதுமான போர்ட்டர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்கிறார்கள்.

இப்போது மண்டிக்கு வருகிறேன். என் நிரல் கோப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்து ‘சார்’ என்ற வகை மாறியில் வைத்தது. கோப்பு முடிந்ததும் படிக்கும் கட்டளை -1 என்ற எண்ணைத் தரும். -1 வந்தால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். எக்ஸ்86 லினக்ஸில் ‘சார்’ எதிர்மறை எண்ணையும் வைத்துக்கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் அது 0 முதல் 255 வரை மட்டும்தான். அங்கே -1-ஐப் போட்டால் 255 ஆகிவிடுகிறது. 255 ஒருபோதும் -1-க்குச் சமமாகாது. ஆகவே கோப்பு முடிந்த பிறகும் என் நிரல் விடியவிடியப் படித்துக்கொண்டே இருந்தது. சி மொழியின் தரம் இதை இரண்டு விதமாகவும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது, தவறு என்னுடையதுதான். ‘சார்’ என்பதை ‘இன்ட்’ என்று மாற்றினேன், சரியாகிவிட்டது. ஒரே ஒரு சொல்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்த நிரல் எக்ஸ்86-லும் தவறாகவே இருந்தது. கோப்பில் 255 என்ற மதிப்புள்ள பைட் எங்காவது வந்திருந்தால் அங்கே பாதியிலேயே நின்றிருக்கும். விலைப்பட்டியலில் அப்படி வராததால் தெரியவில்லை, அவ்வளவுதான். வேறொரு பிராசசரில் ஓட்டியதும் பிழை வெளியே வந்துவிட்டது. பல வகைகளுக்குக் கட்டுவது வீண் சுமை என்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அரிதான மெஷினில் தோற்ற சோதனை பல சமயம் எல்லா மெஷினிலும் ஒளிந்திருக்கும் தவறைக் காட்டிக் கொடுக்கிறது.

இதே போலப் பல உண்டு. ஒரு பெரிய எண்ணை நினைவகத்தில் எழுதும்போது எக்ஸ்86 கடைசிப் பகுதியை முதலில் வைக்கும், எஸ்390எக்ஸ் முதல் பகுதியை முதலில் வைக்கும். ஒன்றில் எழுதிய தரவுக் கோப்பை மற்றொன்றில் அப்படியே படித்தால் எண்கள் தலைகீழாகும். எக்ஸ்86-ல் ஒரு கோர் (பிராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் பகுதி) எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் தெரியும். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது. பூட்டு போட மறந்த நிரல் எக்ஸ்86-ல் வருடக்கணக்காக ஓடியிருக்கும், ஆர்மில் வாரத்துக்கு ஒருமுறை காரணம் தெரியாமல் விழும். கண்டுபிடிக்க இதைவிடக் கஷ்டமான பிழை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் பக்க அளவு. நினைவகத்தை இயங்குதளம் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் தரும். எக்ஸ்86-ல் ஒரு துண்டு 4 கேபி. ராஸ்பெரி பை 5-ல் வழக்கமாக வரும் கெர்னல் 16 கேபி துண்டுகளைப் பயன்படுத்துகிறது. 4 கேபிதான் என்று நம்பிக் கட்டப்பட்ட, நினைவகத்தைப் பங்கிடும் ஜெமாலக் நூலகத்தோடு வந்த மென்பொருள்கள் அந்த போர்டில் தொடங்கும்போதே ‘இந்தப் பக்க அளவு எனக்கு ஒத்துவராது’ என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றன. பிராசசர் ஆர்ம், பைனரியும் ஆர்ம், ஆனாலும் ஓடவில்லை. எந்த வகைக்குக் கட்டுகிறோம் என்று பெயர் எழுதினால் மட்டும் போதாது, அந்த வகைக்குள் இருக்கும் வேறுபாடுகளையும் பார்க்க வேண்டும்.

முதல் ராஸ்பெரி பை 2012-ல் வந்தபோதும் நடந்தது இதுதான். அதிலிருந்தது ஆர்ம்வி6 பிராசசர். டெபியனின் வேகமான ஆர்ம் பதிப்புக்கு ஆர்ம்வி7 வேண்டும். பழைய மெதுவான பதிப்பு ஓடும், ஆனால் தசமக் கணக்குகளை அது பிராசசரின் தனிப் பகுதிக்கு நேரடியாகக் கொடுக்காது. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் ஆகியோர் முன்னின்று ஆயிரக்கணக்கான டெபியன் பேக்கேஜ்களை ஆர்ம்வி6-க்காகத் திரும்பக் கட்டினார்கள். அதுதான் ராஸ்பியன். நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் விளக்கு எரியவைத்துப் பழகும் அந்தச் சின்ன போர்டு ஒழுங்காக ஓடியதற்குப் பின்னால், யாரும் கேட்காமலே அந்தச் சுமையைத் தோளில் போட்டுக்கொண்ட அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

எத்தனை வகைகளைச் சுமப்பது என்ற கேள்வி டெபியனுக்குள்ளேயே பெரிய சண்டையாக வெடித்தது 2005-ல். அந்த ஆண்டு ஜூனில் வந்த சார்ஜ் பதிப்பில் 11 வகைகள். அதற்கு முன்பு மார்ச்சில், வான்கூவரில் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து ஒரு யோசனை வந்தது. இத்தனை வகைகளால் வெளியீடு தாமதமாகிறது, அடுத்த பதிப்பை நான்கு வகைகளோடு மட்டும் வெளியிடலாம் என்றார்கள். அந்த நான்கு: 32 பிட் எக்ஸ்86, 64 பிட் எக்ஸ்86, பவர்பிசி, இன்டெலின் இட்டானியம். ஆர்ம் அதில் இல்லை.

அந்தப் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் மனம் ஒரு கணம் நிற்கிறது. இட்டானியம் 2015-ல் டெபியனின் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து போனது. 32 பிட் பவர்பிசி 2017-ல் போனது. 32 பிட் எக்ஸ்86-க்கு டெபியன் 13-ல் கெர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. 64 பிட் எக்ஸ்86 மட்டும்தான் முழுதாக மிச்சம். வெளியே நிற்க வேண்டியிருந்த ஆர்ம் இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. யோசனை சொன்னவர்கள் அனுபவசாலிகள், அன்றைய கணக்குப்படி அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. எதிர்ப்பு வந்ததால் அது அப்படியே நிறைவேறவில்லை. 2007-ல் வந்த எட்ச் பதிப்பிலும் 11 வகைகள் இருந்தன. யாரோ சில பேர் ஆர்ம் பேக்கேஜ்களை அந்த இடைக்காலத்தில் விடாமல் கட்டி வந்ததால், 2012-ல் ராஸ்பெரி பை வந்தபோது தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை.

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. 2021 பிப்ரவரியில் பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகம் அதன் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றியது. நினைவகப் பிழைகளைத் தடுக்க ரஸ்ட் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆல்ஃபா, எம்68கே போன்ற பழைய பிராசசர்களுக்கு அப்போது ரஸ்ட் கம்பைலர் இருக்கவில்லை. அந்த நூலகத்தின் புதிய பதிப்பை வழக்கமான முறையில் அந்த மெஷின்களில் கட்ட முடியாமல் போனது. பெரிய வாக்குவாதம் நடந்தது. தன்னால் சோதிக்க முடியாத ஒரு மெஷினில் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க முடியாது என்று உருவாக்குபவர் சொன்னால் அதை மறுக்க முடியாது. நான் கேட்பது முன்னறிவிப்பு மட்டும்தான். எந்தப் பதிப்பிலிருந்து எது போகிறது என்று முன்கூட்டியே சொன்னால் பழைய மெஷின் வைத்திருப்பவர் ஒரு வழி பார்த்துக்கொள்வார்.

ஏனென்றால் நம் பக்கம் மெஷின்கள் தாமதமாக வருகின்றன, நீண்ட நாள் இருக்கின்றன. தருமபுரியில் ஒரு அலுவலகம் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் பென்னாகரத்தில் ஒரு டியூஷன் சென்டருக்கு வரும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். 32 பிட் நிறுத்தம் என்ற செய்தி வந்தபோது, ‘இதைத் தூக்கிப் போடணுமா?’ என்று பல பேர் என்னிடம் கேட்டார்கள். பெரும்பாலும் வேண்டாம். டெர்மினலில் ‘எல்எஸ்சிபியு’ என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டும் என்று காட்டினால் பிராசசர் 64 பிட்தான், அதன் மேல் யாரோ 32 பிட் இயங்குதளம் போட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் ஏழு கம்ப்யூட்டர்களைப் பார்த்தேன். ஆறில் இதுதான் நிலைமை, அவற்றில் 64 பிட் டெபியன் ஏறிவிட்டது.

64 பிட் எக்ஸ்86 என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. 2025-ல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10-க்கு ஏவிஎக்ஸ்2 ஆணைகள் தெரிந்த பிராசசர் வேண்டும். இன்டெலில் அவை 2013-ல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையிலிருந்துதான். 2011, 2012-ல் அரசு கொடுத்த மடிக்கணினிகள் அதற்கு முந்தியவை. டெபியன் இன்னும் முதல் தலைமுறை 64 பிட் பிராசசரில் ஓடும்படிதான் கட்டுகிறது. புதிய ஆணைகளைப் பயன்படுத்தினால் சில வேலைகள் வேகமாகும், உண்மைதான். ஆனால் அந்த வேகத்துக்கு யாருடைய மெஷினைக் கழித்துக் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். வேகமான வடிவத்தையும் பொதுவான வடிவத்தையும் ஒரே பேக்கேஜில் வைத்து, ஓடும்போது பிராசசரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி நெடுங்காலமாக அப்படித்தான் செய்கிறது. மற்றவர்களும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும்.

தன்னிடம் இல்லாத பிராசசருக்கு எப்படிக் கட்டுவது என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கியூஇஎம்யு என்ற மென்பொருள் ஒரு பிராசசரை இன்னொன்றின் மேல் நடித்துக் காட்டும். கெர்னலில் அதைப் பதிந்துவிட்டால், முதலில் என்னைத் தடுத்த ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வராமல் ஆர்ம் பைனரி நேராக எக்ஸ்86-ல் ஓடும். மெதுவாகத்தான் ஓடும். பெரிய பேக்கேஜைக் கம்பைல் செய்தால் பொழுது போய்விடும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. எக்ஸ்86-லேயே இருந்துகொண்டு ஆர்ம் பைனரியைக் கட்டும் கிராஸ் கம்பைல் முறை வேகமானது, ஆனால் கட்டியதை ஓட்டிப் பார்க்க முடியாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் ‘சார்’ போன்ற பிழை பிடிபடும். கோர்களுக்கு இடையிலான வரிசைப் பிழையை மட்டும் உண்மையான மெஷினில்தான் நம்பிப் பார்க்கலாம்.

ரிஸ்க்-வி விஷயத்தில் நம் மாநிலத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது. 2010-ல் பெர்க்லியில் தொடங்கிய இந்த ஆணைத்தொகுதியை யாரும் உரிமத் தொகை இல்லாமல் பயன்படுத்தலாம். சென்னை ஐஐடியின் ‘சக்தி’ பிராசசர்கள் இதன் மேல்தான் கட்டப்பட்டவை. 2022-ல் மத்திய அரசு இதற்காக டிஐஆர்-வி என்று ஒரு திட்டம் அறிவித்தது. ஆனால் சிப் செய்துவிட்டால் மட்டும் அதில் ஒரு பள்ளிக்கூடம் வேலை செய்ய முடியாது. உலாவி, எழுத்துரு, அச்சு இயக்கி, ஹார்ஃப்பஸ் எல்லாம் அந்த வகைக்குக் கட்டப்பட்டு காத்திருக்க வேண்டும். டெபியனில் ரிஸ்க்-வி வருடக்கணக்காக அதிகாரபூர்வமற்ற பகுதியில் வளர்ந்து, 2023 ஜூலையில் அதிகாரபூர்வமாகி, 2025-ல்தான் நிலையான பதிப்பில் வந்தது. ஓசூர் தொழிற்சாலைகளுக்கு எம்பெடட் (கருவிகளுக்குள் பொதிந்த கம்ப்யூட்டர்) வேலைக்குப் போக நினைக்கும் நம் பிள்ளைகள் இதில் ஒரு பேக்கேஜையாவது எடுத்துக் கட்டிப் பார்த்தால் நிறையக் கற்றுக்கொள்வார்கள்.

கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி போன மாதம் ஒரு ரிஸ்க்-வி போர்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். டெபியன் 13 ஏற்றினோம். மண்டி நிரலின் மூலத்தைக் காப்பி செய்து அங்கேயே கம்பைல் செய்தோம். ரிஸ்க்-வி லினக்ஸிலும் ‘சார்’ 0 முதல் 255 வரைதான், பழைய நிரலாக இருந்திருந்தால் இங்கேயும் நின்றிருக்கும். எழுத்துருவையும் ஹார்ஃப்பஸையும் டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கட்டளை தானாகக் கொண்டுவந்து இறக்கியது. கோப்பைப் படித்து முடித்து, தக்காளி, கத்தரி, பீன்ஸ் என்று வரிசையாகத் திரையில் போட்டது. நான்காவது வரியில் ‘கொத்தமல்லி’, கொம்பு முன்னால், கால் பின்னால்.